தரையில் விளையாடும் குழந்தைக்கு ஜன்னல் வெளிச்சம்: ஒரு வேட்டி, இரண்டு தெர்மாகோல், இரண்டு பிவிசி பைப்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைகளை, அவர்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போதே படமெடுக்கச் சென்னையில் ஒரு வீட்டு ஹாலைத் தயார்செய்த வேலையின் பதிவு இது. ஹால் 10-க்கு 12 அடி. கூரை 10 அடி உயரம், வெள்ளை. சுவர் வெளிர் பச்சை டிஸ்டெம்பர், தரை பழைய சிவப்பு சிமெண்ட். வடக்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல்: 4 அடி அகலம், 4 அடி உயரம், அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடி மேலே, குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி. கேமரா ஏபிஎஸ்-சி (ஃபுல்ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் உள்ள சாதாரண ரகம், லென்ஸ் 50 மி.மீ. செல்போனில் எடுப்பவர்களுக்கு எது மாறும் என்பது பின்னால் தனியாக வருகிறது.

பெரியவர்களுக்கு விளக்கு வைப்பது எளிது. நாற்காலியில் உட்கார வைத்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொன்னால் திரும்பிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையோ, விளக்கைச் சரிசெய்து நிமிர்வதற்குள் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும். ஆகவே முகத்துக்கு வெளிச்சம் வைக்கும் எண்ணத்தை முதலிலேயே விட்டாயிற்று. ஒரு பாய் அளவு இடத்துக்கு வெளிச்சம் வைப்பது, அதற்குள் குழந்தை எங்கே உட்கார்ந்தாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் கெடாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் திட்டம். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த நோக்கத்துக்காகவே.

பாயை எங்கே போடுவது

எல்லோரும் செய்யும் முதல் தவறு, "வெளிச்சம் அங்கேதானே அதிகம்" என்று ஜன்னலுக்கு நேர்கீழே குழந்தையை உட்கார வைப்பது. தரையில் உட்கார்ந்த இரண்டு வயதுக் குழந்தையின் கண், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். இந்த ஜன்னலின் நடுப்பகுதியோ 5 அடி உயரத்தில். குழந்தை சுவரிலிருந்து 2 அடி தள்ளி உட்கார்ந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 60 டிகிரி மேலிருந்து விழுகிறது. புருவத்துக்குக் கீழே கண்குழி இருண்டுபோகும், மூக்கு நிழல் உதட்டைத் தொடும், கன்னத்தின் மேல்பக்கம் மட்டும் பளிச்சிடும். தூங்காத குழந்தையின் முகம் போலத் தெரியும்.

4 அடி தள்ளினால் அந்தக் கோணம் சுமார் 43 டிகிரியாக இறங்குகிறது, 5 அடியில் 37. கண்ணுக்குள் வெளிச்சம் நுழைவது இங்கேதான். வெளிச்சத்தின் அளவு குறைகிறதே என்றால், குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. இந்த அளவுள்ள ஜன்னலில், முகம் ஜன்னலின் நடு உயரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டால், 4 அடியிலிருந்து 6 அடிக்குப் போகும்போது ஒரு ஸ்டாப் குறைகிறது, அதாவது வெளிச்சம் பாதியாகிறது. 2 அடியிலிருந்து 6 அடிக்கு என்றால் இரண்டு ஸ்டாப்புக்கும் கொஞ்சம் மேல். ஜன்னலை ஒட்டிய இடத்தில் குழந்தை அரை அடி நகர்ந்தாலே எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) மாறுவதும், தள்ளிப்போனால் நிதானப்படுவதும் இதனால்தான். ஓடியாடும் குழந்தைக்குப் பிரகாசத்தைவிட இந்த நிதானம் முக்கியம்.

கடைசியில் 4 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு பாய், ஜன்னல் சுவரிலிருந்து மூன்றரை அடியில் தொடங்கி ஆறரை அடியில் முடியும்படி போடப்பட்டது. பாய் நகராமலிருக்க நான்கு மூலையிலும் தரையில் சாக்பீஸ் குறி. குழந்தைகள் பாயை இழுப்பார்கள், குறி இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அளவெல்லாம் வீண்.

கட்டிலோ தாழ்ந்த பெஞ்சோ இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஒன்றரை அடி உயரக் கட்டிலில் குழந்தை உட்காரும்போது, ஜன்னலிலிருந்து 3 அடியிலேயே அந்த 37 டிகிரி கிடைத்துவிடுகிறது. தரையில் 5 அடி தள்ளி எடுப்பதைவிட வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடும். ஆனால் கட்டிலின் மறுபக்கம் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். கேமராவுக்குள் கண்ணை வைத்திருப்பவரால் விழுகிற குழந்தையைப் பிடிக்க முடியாது.

கேமராவை எங்கே வைப்பது என்பதில் பெரிய யோசனை வேண்டாம். தரையில் குப்புறப் படுத்து, குழந்தையின் கண்மட்டத்தில், ஜன்னல் ஒரு பக்கவாட்டில் இருக்கும்படி. ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு எடுத்தால் முகம் தட்டையாகத் தெரியும், போதாக்குறைக்கு எடுப்பவர் உடம்பே பாதி வெளிச்சத்தை மறைக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நாலடி தூரத்தில் இருக்கும் ஒரு வெள்ளைச் சட்டை, காசில்லாத ரிஃப்ளெக்டர்.

அளவுகள்

மே மாதக் காலை பத்து மணி, வெயில் நேரடியாக உள்ளே வராத நேரம். பாயின் நடுவில் சுமார் 600 லக்ஸ் (விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதற்கு லென்ஸ் திறப்பு எஃப் 2.8 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 800. எல்லாம் மேனுவலில். குழந்தைக்கு வெள்ளைக் கவுன் போட்டிருந்தால் ஆட்டோ மீட்டர் ஏமாந்து முகத்தைக் கருக்கிவிடும், கருநீலப் பாவாடை என்றால் முகத்தை வெளுக்கவைக்கும். வெளிச்சம் மாறாத பாயில் உடை மாறியதற்காக எக்ஸ்போஷர் ஏன் மாற வேண்டும்? மீட்டர் பார்க்க உங்கள் உள்ளங்கை போதும். பாயின் நடுவில், ஜன்னலைப் பார்த்து உள்ளங்கையை விரித்து, ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) அது நடுமதிப்பைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகக் காட்டும்படி வைத்தால் சரியாக வரும். பாயின் முன்னோரத்திலும் பின்னோரத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னோரத்துக்குக் குழந்தை போனால் ஐஎஸ்ஓ டயலை எத்தனை சொடுக்கு திருப்புவது என்று கைக்குப் பழகிவிடும்.

ஷட்டர்: சும்மா உட்கார்ந்து பொம்மையைத் திருப்பிப் பார்க்கும் குழந்தைக்கு 1/200. கைதட்டினால், தலையாட்டினால் 1/320. எழுந்து ஓடினால் 1/500-க்குக் கீழே போகாதீர்கள். லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும் என்பதற்காகத் திறந்துவிடாதீர்கள். 50 மி.மீ. லென்ஸில், 4 அடி தூரத்தில், எஃப் 2 வைத்தால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறத்தாழ நாலரை செ.மீ. தலை கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் கூர்மையாக, மறு கண் மங்கலாக வரும். எஃப் 2.8-இல் ஆறரை செ.மீ., எஃப் 4-இல் 9 செ.மீ. குழந்தை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் எஃப் 2.8-க்கும் 4-க்கும் நடுவில் இருப்பதே பிழைப்பு. ஐஎஸ்ஓ கூடி வரும் புள்ளிப்புள்ளியான குருணையைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஃபோகஸ் தப்பிய கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

வேட்டி எப்போது, ஏன்

வடக்கு ஜன்னலில் வெயில் வராது, அதனால் படமெடுக்க அதுவே சிறந்தது என்று மேலைநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அந்த ஊர்களுக்குப் பெரும்பாலும் சரி. நமக்கு வருடம் முழுக்கச் சரியில்லை. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் வரும் சாய்வெயிலை அது தடுக்காது. ஜூன் மாதத்தில் காலை எட்டு மணிக்கு இந்த வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக நுழைந்து, பாயின் ஓரத்தில் கம்பி கம்பியாக விழுந்தது. அதற்குள் குழந்தை தலையை நீட்டினால் நெற்றியில் சிறைக்கம்பி. டிசம்பரில் இதே ஜன்னலில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது தெற்கு ஜன்னல்காரர்கள்தான் வேட்டியைத் தேட வேண்டும்.

பழைய, வெள்ளையான, பருத்தி நாலு முழ வேட்டி ஒன்று போதும். சுமார் 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். ஒற்றை மடிப்பு ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், இரட்டை மடிப்பு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாக. கரையை ஜன்னலுக்கு வெளிப்புறமாக மடித்துவிடுங்கள். சிவப்புக் கரையில் பட்டு வரும் வெளிச்சம் சிவப்பாகவே வரும். மஞ்சளேறிய வேட்டி முகத்தையும் மஞ்சளாக்கும், நீலம் தூக்கலாகப் போட்டது குளிர்ச்சியாக்கும். இரண்டையும் ஒயிட் பேலன்ஸில் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) சரிக்கட்டலாம், கலந்து மட்டும் கட்டக்கூடாது. கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம். காற்றில் சரசரக்கும், குழந்தை உங்களை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் வேட்டியைக் கம்பியிலேயே கட்டியதில் பலன் பாதிதான். துணி கம்பியை ஒட்டியிருக்கும்போது கம்பியின் நிழல் துணியில் கூர்மையாக விழுகிறது. முகத்தில் கோடு விழாது என்றாலும் கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளி கட்டம் போட்ட சட்டம் மாதிரி இருக்கும். கம்பியிலிருந்து ஆறு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டதும் அந்தக் கட்டம் மங்கிப்போனது. மின்விசிறிக் காற்று துணியை மறுபடியும் கம்பியோடு ஒட்டவைக்கும், அதனால் கீழ்விளிம்பில் ஒரு மூங்கில் குச்சியைச் சுருட்டிக் கிளிப் போட வேண்டும்.

துணி போதுமா என்று பார்க்க ஒரு சோதனை. வேட்டிக்கு இந்தப் பக்கம், பாய்க்கு மேலே ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். பாயில் விழும் விரல் நிழலின் ஓரம் தெளிவாகத் தெரிந்தால் வெயில் இன்னும் துணி வழியே நேராக வருகிறது, இன்னொரு மடிப்பு தேவை. பாலியெஸ்டர் கலந்த மெல்லிய வேட்டிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். வெயில் வராத நேரத்தில் வேட்டியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மென்மையாக இருக்கும் வானவெளிச்சத்தைத் துணியில் வடிகட்டி ஒரு ஸ்டாப்பை இழப்பதில் லாபமில்லை.

நகர்த்தக்கூடிய சட்டம்

வாசற்படியிலோ வேறு அறையிலோ வேலைசெய்ய, வேட்டிக்கு ஒரு சட்டம் செய்துகொள்வது நல்லது. முக்கால் அங்குல பிவிசி பைப், 10 அடி நீளத்தில் இரண்டு. ஒவ்வொன்றையும் 5 அடி, மூன்றரை அடி, ஒன்றரை அடி என்று மூன்றாக வெட்டினால் மிச்சமே இல்லை. 5 அடித் துண்டுகள் இரண்டும் நிற்கும் கால்கள். அவற்றின் கீழ்முனையிலிருந்து அரை அடியில் வெட்டி, அங்கே ஒரு டீ (T வடிவ இணைப்பு) பொருத்த வேண்டும், கீழ்க் குறுக்குப் பைப் அதில் சேரும். மேல் குறுக்குப் பைப்புக்கு இரண்டு எல்போ (L வடிவ இணைப்பு). ஒன்றரை அடித் துண்டுகளை முக்கால் அடியாக இரண்டிரண்டு துண்டாக்கி, இன்னும் இரண்டு டீயில் செருகி, தரையில் நிற்கும் பாதமாக்க வேண்டும். ஆக டீ நான்கு, எல்போ இரண்டு, மூடி நான்கு, துணிக் கிளிப் பன்னிரண்டு. பைப் பசை போடாதீர்கள். போட்டால் பிறகு கழற்றவும் முடியாது, கதவு வழியே கொண்டுபோகவும் முடியாது.

இதில் கெட்டுப்போன ஒரே விஷயம் எடை. சட்டம் மிகவும் இலேசு, வேட்டியோ கப்பற்பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும். விசிறியை மூன்றில் வைத்தபோதே சாய்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் உலர்மணல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ வரும். அப்படி நான்கு பாட்டிலைப் பாதத்தில் கட்டியதும் நின்றது. குழந்தை பிடித்து இழுக்கும் என்பதால் மேல் பைப்பிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு கயிறும் கட்டாயம். கயிறு குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நிழல் பக்கம்

ஒரே ஜன்னல், கொஞ்சம் இருண்ட அறை. முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்தில், மறு பாதி அதைவிட மூன்று ஸ்டாப் கீழே. பெரியவர் முகத்துக்கு இது அழகாகக்கூட இருக்கலாம், குழந்தை முகத்தில் பாதி காணாமல் போனது மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம் போதும்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் தாள் இரண்டை, நீளப் பக்கம் சேர்த்து அகலமான டேப்பால் ஒட்டினால் புத்தகம் மாதிரி மடங்கும், தானாகவே நிற்கும். பாயின் தெற்கு ஓரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி வைத்தால் நிழல் எழுந்துவிடும். இன்னும் கிட்டே தள்ளத் தேவையில்லை. நிழலே இல்லாமல் போனால் கன்னத்தின் உருண்டை போய்விடும். அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை வேண்டாம். அது வெளிச்சத்தைக் கற்றையாக எறியும், குழந்தை கண்ணைச் சுருக்கும்.

தெர்மாகோலின் ஆபத்தை யாரும் சொல்வதில்லை. குழந்தை விளிம்பைப் பிய்க்கும், மணி மணியாக உதிரும், உதிர்ந்தது நேராக வாய்க்குப் போகும், தொண்டையில் சிக்கும். விளிம்பு நான்கையும் டேப் சுற்றி, மொத்தத்தையும் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டால் சுற்றி மூடிவிடுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் நாற்காலியின் மேல் வெள்ளைப் போர்வை போட்டாலும் முக்கால்வாசி வேலை நடக்கும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

முதல் படங்களில் தாடைக்கு அடியில் செம்மை, நிழல் கன்னத்தில் பச்சை. ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கூடியது. காரணம் கேமராவில் இல்லை. சிவப்புத் தரை ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிச் சிவப்பாகத் திருப்பி அனுப்புகிறது, பச்சைச் சுவர் பச்சையாக. பாய்க்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரித்ததும் செம்மை போயிற்று. கூடவே கீழிருந்து மேலே ஒரு மென்மையான வெளிச்சம் கண்குழிக்குள் ஏறியது. தரையில் விளையாடும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பச்சைச் சுவரைத் தெர்மாகோல் மறைத்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு நிறமும் வந்தது: அம்மாவின் புடவை. குழந்தையை ஒட்டி அரக்குச் சிவப்புப் புடவையில் ஒருவர் உட்கார்ந்தால், அந்தப் பக்கக் கன்னம் சிவக்கும். வெளிர் நிறத்தில் ஏதாவது கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவரை உட்கார வைக்கும் இடமும் முக்கியம். கேமராவுக்குப் பின்னால் நின்று "இங்க பாரு, இங்க பாரு" என்று கிலுகிலுப்பை ஆட்டுவதைவிட, ஜன்னலுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கட்டும். குழந்தை முகம் தானாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பும்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொன்னால், ஜன்னல் வெளிச்சம் 5500-க்கு மேல், மஞ்சள் பல்பு 2700 அல்லது 3000. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த மென்பொருளும் பிரித்துத் தராது. 6500 கெல்வின் டியூப்லைட் நிறத்தில் பரவாயில்லை, ஆனால் அது கொடுக்கும் வெளிச்சம் சொற்பம். இந்த அளவு அறையில் 20 வாட் எல்இடி டியூப் ஒன்று சுமார் 100 லக்ஸ் தரும். அதே எஃப் 2.8, 1/250-க்கு ஐஎஸ்ஓ 5000-ஐ நெருங்கும்.

அதோடு இன்னொரு வம்பு, மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/50, 1/100 நொடிகளில் இது சமமாகிவிடும். 1/250-இல் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, அல்லது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் பட்டை நிச்சயம். 1/100-க்கு இறங்கினால் குழந்தையின் கை கலங்கிவிடும். விளக்கு நல்லதா என்று பார்க்க, செல்போனை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் படம்பிடியுங்கள். வெளிச்சம் துடித்தால் அந்த விளக்கு இதற்கு உதவாது. எரியும் விளக்குக்கும் குழந்தைக்கும் நடுவில் மின்விசிறி ஓடினாலும் இதே கோளாறுதான், இறக்கையின் நிழல் படத்துக்குப் படம் வேறிடத்தில் இருக்கும்.

மாலை ஐந்துக்குப் பிறகு

ஜன்னல் ஓய்ந்தபின் ஃபிளாஷ்தான். கேமராமேல் பொருத்தும், தலை திரும்பும் சாதாரண ஃபிளாஷ், கைடு எண் (ஐஎஸ்ஓ 100-இல், தூரத்தால் வகுத்தால் எஃப் எண் தரும் ஃபிளாஷ் சக்தி) 36 மீட்டர். அதை நேராக முகத்தில் அடிப்பது பற்றி எழுத ஒன்றுமில்லை, அடிக்காதீர்கள். நேராகக் கூரையில் அடிப்பதும் தரையில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது, ஜன்னலுக்கு நேர்கீழே உட்கார வைத்த அதே கண்குழி திரும்ப வரும். ஃபிளாஷ் தலையைப் பின்னால் திருப்பி, உங்களுக்குப் பின்னே சுவரும் கூரையும் சேரும் மூலையில் அடியுங்கள். சுவர் பச்சை என்பதால் அங்கே அந்த வேட்டியைத் தொங்கவிட வேண்டியிருந்தது. இப்போது அதுவே ஜன்னல்.

கணக்கு இப்படி. வெளிச்சம் மேலே போய்க் கீழே வர 5 மீட்டருக்குக் குறையாது. 36-ஐ 5-ஆல் வகுத்தால் எஃப் 7.2. சுவர் தின்பதற்கு இரண்டு ஸ்டாப் கழித்தால், ஐஎஸ்ஓ 100-இல் முழு பவருக்கு எஃப் 3.6. ஐஎஸ்ஓ 800, எஃப் 4 வைத்தால் கால் பவருக்கும் 1/8-க்கும் நடுவில் போதும். ஐஎஸ்ஓவைக் கஞ்சப்படுத்தி முழு பவரில் அடித்தால் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் நிரம்ப நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், குழந்தை சிரித்தது அந்த இடைவெளியில் போய்விடும். ஷட்டர் 1/200. அந்த அளவில் டியூப்லைட் வெளிச்சம் மூன்று ஸ்டாப்புக்கும் கீழே போய்விடுவதால் அதன் நிறமும் மினுக்கலும் தொந்தரவு தராது. அறையில் விளக்கு எரியட்டும், முழு இருட்டில் ஃபிளாஷ் அடித்தால் குழந்தை திடுக்கிடும்.

ஓட்டுக்கூரை, தகரக்கூரை, மரச்சட்டம் ஓடும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரையை நம்ப முடியாது. சட்டத்தில் கட்டிய வேட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அதன்மேல் அடிப்பதே வழி.

செல்போனில்

போனில் முக்கியமான வில்லன் ஷட்டர். வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும், அல்லது பல படங்களை எடுத்து ஒட்டும், அசையும் குழந்தைக்கு மூன்றாவது காது முளைக்கும். நைட் மோடை அணைத்து, ப்ரோ மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) 1/250 வையுங்கள். அது இல்லாத போனில் ஜன்னலுக்கு ஓர் அடி கிட்டே பாயை இழுத்துவிட்டு, முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்குங்கள். அகல லென்ஸில் கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும், 2 மடங்கு ஜூம் வைத்து 4 அடி தள்ளியிருங்கள். பியூட்டி வசதியை முழுக்க அணைத்துவிடுங்கள். மாநிறக் குழந்தையை அது சுண்ணாம்பு பூசியது போலாக்கிவிடும். பெரிய ஜன்னல் ஒன்று மாநிறத் தோலில், கறுத்த தோலில் விடும் மினுமினுப்புதான் இந்த முழு வேலைக்கும் கிடைக்கும் கூலி, அதை அழித்துவிட்டு என்ன படம்.

முகத்தில்

தேங்காய் எண்ணெய் தடவி, தலை வாரி, பவுடர் போட்டுத் தயாராக நிறுத்துவார்கள். எண்ணெயை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்துத் துடைத்தால் தோல் சிவந்துவிடும். பவுடர்தான் தலைவலி. கண்ணுக்கு லேசாகத் தெரிவது ஃபிளாஷில் சாம்பல் திட்டாக வரும். படத்துக்கு அரைமணி முன்பாகவே பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு இருக்கட்டும். அது ஜன்னல் பக்கக் கன்னத்தில் இருந்தால் பொட்டாகத் தெரியும், நிழல் பக்கம் என்றால் அழுக்கு மாதிரி தெரியும், அதற்கேற்ப எந்தப் பக்கம் எடுப்பது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கண்களை முதலில் பாருங்கள். ஒளிப்புள்ளி கண்மணியின் மேல்பாதியில், கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில் இருந்தால் பாய் சரியான தூரத்தில் இருக்கிறது. இமையை ஒட்டி உச்சியில் இருந்தால் பாயை அரை அடி பின்னால் இழுக்க வேண்டும். புள்ளியே இல்லையென்றால் குழந்தை ஜன்னலைப் பார்க்கவே இல்லை. நேர் ஃபிளாஷில் யாராவது எடுத்த பழைய படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் தெரிந்தால் அதை விளக்குப் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். பார்வைக் கோணத்தால் அப்படி வருவதுண்டு. ஆனால் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயும் கண்புரையும் முதலில் இப்படிப் படத்தில் தெரியக்கூடும். தாமதிக்காமல் அந்தப் படத்தோடு கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சட்டத்தைக் கழற்றி, பைப்புகளை அந்த வேட்டியிலேயே சுருட்டிக் கட்டினால் பரண்மேல் ஒரு மூலையில் அடங்கிவிடும். மணல் பாட்டில்களைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், மூடி திறக்க அதற்குத் தெரியும். சாக்பீஸ் குறியை மட்டும் துடைக்கச் சொல்லாதீர்கள்.